மடிநோய் ரத்தத்தில் வருமா? லட்சுமியின் கிடாரியை விற்கத்தான் வேண்டுமா?

ஈரோடு மாவட்டத்துச் சகோதரி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. கட்டுத்தறியில் எட்டு உருப்படி: ஐந்து ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டைன் ஃப்ரீசியன்) கலப்பு, இரண்டு ஜெர்சி கலப்பு, ஒரு காங்கேயம். கையால் கறக்கிறார்கள். அதிகம் கறப்பது லட்சுமி என்கிற ஹெச்.எஃப். கலப்பு, மூன்றாம் ஈத்து. கன்று போட்ட புதிதில் நாளுக்கு 18 லிட்டர். இந்த ஈத்தில் மட்டும் மூன்று முறை மடிநோய், மூன்று முறையும் பின் இடது காம்பில். லட்சுமியின் தாய்க்கும் ஒரு காம்பு போய், மூன்று காம்பு மாடாகத்தான் விற்றார்கள். லட்சுமிக்கு இரண்டு பெண் கன்றுகள்: 15 மாதக் கிடாரி ஒன்று, ஐந்து மாதக் கன்று ஒன்று. கிடாரி இரண்டு முறை பருவத்துக்கு வந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர், "அந்த வம்சமே சரியில்லை, மூன்றையும் தள்ளிவிடு" என்கிறார். சினை ஊசி போடுகிறவர், மகள்கள் ஈத்துக்கு 12,000 லிட்டர் கறக்கும் வெளிநாட்டுக் காளையின் விந்து இருக்கிறது என்கிறார். கணவர், நாட்டு மாட்டுக்கே மாறிவிடலாம் என்கிறார். போதாததற்கு, மாட்டின் வால் முடியை அனுப்பினால் "மடிநோய் மரபணு இல்லை" என்று 4,000 ரூபாய்க்குச் சான்றிதழ் தருவதாகக் கைப்பேசியில் ஒரு விளம்பரம். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

நால்வர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, சான்றிதழ்காரர் சொல்வதில்தான் மிகக் குறைவு. மடிநோயைத் தாங்கும் திறன் ரத்தத்தில் வருவது நிஜம். ஆனால் அதை ஒரு மாட்டையும் அதன் தாயையும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காளையின் பக்கம்தான் கண்டுபிடிக்க முடியும். நீங்கள் இதுவரை யோசித்ததெல்லாம் தாய் வழியை. உங்கள் கைக்கு எட்டுவதோ தந்தை வழி.

முதலில் அந்தப் பின் இடது காம்பு

"மூன்று முறை மடிநோய்" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே காம்பில் என்றால் அது பெரும்பாலும் மூன்று நோய் அல்ல, ஆறாமல் உள்ளே தங்கிவிட்ட ஒரே நோய். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மடித் திசுவுக்குள் சிறு சீழ்ப்பைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மருந்து அதற்குள் சரியாகப் போவதில்லை. ஊசி போட்டதும் வீக்கம் வடியும், பால் தெளியும், சில வாரம் கழித்துத் திரும்பத் திரி திரியாக வரும். வெவ்வேறு காம்பில் மாறி மாறி வந்திருந்தால் மாட்டின் எதிர்ப்புத் திறனையோ தொழுவத்தையோ சந்தேகிக்கலாம். ஒரே காம்பு என்றால் முதல் சந்தேகம் இந்தக் கிருமி மேல்தான்.

ஆகவே அடுத்த ஊசிக்கு முன் பாலைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, முதல் நான்கைந்து பீய்ச்சலைக் கீழே விட்டுவிட்டு, 5 மில்லி பாலைக் கொதிநீரில் சுத்தம் செய்த சிறு குப்பியில் பிடிக்க வேண்டும். குப்பியின் வாய் காம்பிலோ விரலிலோ படக்கூடாது. ஐஸில் வைத்து, கூடுமானவரை அன்றைக்கே உங்கள் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோய்ச் சேருங்கள். மருந்து போட்ட பிறகு எடுத்த பாலில் கிருமி வளராது, அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவும் முடியாது.

மேற்சொன்ன கிருமிதான் என்று தெரிந்து, அந்தக் காம்பின் மேல் மடி கல்லாக இறுகியிருந்தால், நான்காம் முறை ஊசிக்குச் செலவழிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மருத்துவர் மேற்பார்வையில் அந்த ஒரு காம்பை வற்றவிட்டு, மற்ற மூன்றில் இந்த ஈத்தைக் கறந்து முடிக்கலாம். விற்பதானால் வாங்குகிறவரிடம் சொல்லி விற்றுவிடுங்கள். மறைத்து விற்றால் அவர் கட்டுத்தறிக்கும் இந்தக் கிருமி போகும்.

இன்னொன்று. கடிதத்தின் நடுவே போகிற போக்கில், "எட்டுக்கும் ஒரே துணியால்தான் மடி துடைப்போம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தாய்க்கு வந்தது, மகளுக்கும் வந்தது என்று நீங்கள் பார்க்கும் "வம்சம்" அந்தத் துணியாகவும் இருக்கலாம். இந்தக் கிருமி மாட்டுக்கு மாடு போவது கறக்கும் நேரத்தில்தான்: கறப்பவர் கையில், துணியில். ஒரே தொழுவம், ஒரே கை, ஒரே துணி. தாயும் மகளும் பகிர்ந்துகொண்டது ரத்தத்தை மட்டுமல்ல.

ரத்தத்தில் வருவது எவ்வளவு?

மாட்டுக்கு மாடு பால் அளவில் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு மரபணுவால் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் மடிநோயில் அந்தப் பங்கு 2 முதல் 5 வரைதான். மீதி எல்லாம் தரை, கை, தீனி, ஈ, மழை, கறக்கும் முறை. பாலில் உள்ள சோமாட்டிக் செல் எண்ணிக்கையை அளந்தால் இந்தப் பங்கு 10 முதல் 15 வரை போகிறது. கிருமி நுழைந்ததும் ரத்தத்திலிருந்து பாலுக்குள் இறங்கும் வெள்ளை அணுக்களே இந்தச் செல்களில் பெரும்பங்கு. மில்லிக்கு 2 லட்சத்துக்கு மேல் போனால் ஏதோ ஒரு காம்பில் நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

"வெறும் 4 பங்குதானே, அப்படியானால் மரபணுவை விட்டுவிடலாமே" என்று தோன்றும். அதுவும் தவறு. குறைந்த பங்கு என்றால் ஒரு மாட்டின் வரலாற்றை நம்ப முடியாது என்று பொருள். பல மகள்களின் வரலாற்றைக் கூட்டினால் உண்மை வெளிவந்துவிடும். கணக்கைப் பாருங்கள். பங்கு 4 என்று வைத்தால், லட்சுமிக்கு ஒரு ஈத்தில் மடிநோய் வந்தது என்ற செய்தி அவள் மகளின் மரபுத் திறனைப் பற்றி நூற்றுக்கு 1 அளவு நம்பகத்தோடுதான் சொல்கிறது. ஒரு காளைக்கு வெவ்வேறு பண்ணைகளில் 100 மகள்கள் இருந்து, அத்தனை பேரின் மடிநோயும் பதிவாகியிருந்தால், நம்பகம் 50. அதே 100 மகள்களின் செல் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் 75. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தீர்ப்புச் சொன்னது அந்த 1-ஐ வைத்து.

இதை ஒரு நாடு செய்து காட்டியிருக்கிறது. நார்வேயில் 1975 முதல் ஒவ்வொரு மாட்டுக்கும் மருத்துவர் செய்த சிகிச்சை அந்த மாட்டின் பெயரிலேயே பதிவாகிறது. 1978-ல் மடிநோயைக் காளைத் தேர்வில் சேர்த்தார்கள். ஒரு காளைக்கு 200-க்கு மேற்பட்ட மகள்களின் பதிவைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். பாலுக்காக மட்டும் தேர்ந்தெடுத்த பரிசோதனைக் கூட்டத்தில் மடிநோய்க்கான மரபுச் சாய்வு ஏறியது. மடிநோய்க்கு எதிராகத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் இறங்கியது. தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை இது. இரண்டு வருடத்தில் தெரிகிற சமாசாரம் இல்லை.

12,000 லிட்டர் காளையைப் பற்றிய என் தயக்கமும் இங்கேதான் தொடங்குகிறது. பால் அளவுக்கும் மடிநோய்க்கும் மரபு வழியில் ஒரு கெட்ட உறவு உண்டு. பாலை மட்டும் பார்த்துக் காளை எடுத்தால், கேட்காமலேயே மடிநோயும் கொஞ்சம் கூட வரும். ஆனால் அந்த உறவு இறுகிய முடிச்சு இல்லை. பாலும் உண்டு, மடியும் நன்று என்ற காளைகள் இருக்கின்றன. தேடிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய பரம்பரை: மடியின் தொங்கல்

கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரியை நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்: லட்சுமியின் மடி "பின்னங்கால் முட்டிக்குக் கீழே தொங்குகிறது, படுத்தால் காம்பு சாணியில் படும்." மடியின் ஆழம் பால் அளவைப் போலவே நன்றாக மரபில் இறங்கும் குணம், நூற்றுக்கு 25-க்கு மேல். கிருமியை எதிர்க்கும் திறனை லட்சுமி மகளுக்குக் கொடுத்தாளா என்று சொல்ல முடியாது. தொங்கு மடியைக் கொடுத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மடியின் அடித்தளம் பின்னங்கால் முட்டிக்கு மேலே நிற்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு பாதிகளுக்கும் நடுவே தெளிவான பள்ளம் தெரிய வேண்டும். அந்தப் பள்ளத்தை இழுத்துப் பிடிக்கும் நடு நாண் தளர்ந்தால் பள்ளம் மறைந்து, காம்புகள் வெளிப்பக்கம் விரியும். முன் மடி வயிற்றோடு விரல் நுழையாமல் ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது காம்பு. காம்பின் நுனித் துவாரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளக் குழாய். அதன் உட்சுவரில் கெரட்டின் என்ற மெழுகு போன்ற பூச்சு கிருமியைப் பிடித்து நிறுத்துகிறது, சுற்றிலும் ஒரு தசை வளையம் மூடுகிறது. சந்தையில் எல்லாரும் விரும்புவது இளங்காம்பு மாடு: தொட்டால் பால் கொட்டும், கை வலிக்காது. ஆனால் மிக வேகமாகக் கறக்கும் மாட்டுக்கு அந்தக் குழாய் அகலம். மடி நிறைந்து நிற்கும்போது தானாகச் சொட்டும் மாடு என்றால் கதவு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். கறக்கக் கை வலிக்கும் கல்காம்பும் வேண்டாம், சொட்டுகிற காம்பும் வேண்டாம்.

எந்தக் காளை?

கிடாரியின் ஹெச்.எஃப். ரத்தம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். லட்சுமியே ஹெச்.எஃப். கலப்பு. கிடாரியும் ஹெச்.எஃப். விந்தில் பிறந்தது என்றால் முக்கால் பங்கு தாண்டியிருக்கலாம். உங்கள் ஊர் வெயிலுக்கு அதன் மேல் இன்னொரு தூய ஹெச்.எஃப். வேண்டாம் என்பது என் கருத்து. நம் மாநிலத்தில் சமவெளிக்கு ஜெர்சி, குளிர்ந்த மலைப்பகுதிக்கு ஹெச்.எஃப். என்று பிரித்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்சியையும் ஹெச்.எஃப்.பையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டபோது கண்ணுக்குத் தெரியும் மடிநோய் ஜெர்சியில் குறைவாக வந்திருக்கிறது. முதல் கன்று சிறியதாக இருக்கும் என்பது கூடுதல் லாபம். மடி நன்றாக உள்ள ஜெர்சி அல்லது ஜெர்சி கலப்புக் காளைக்கே என் வாக்கு.

வெளிநாட்டு விந்துதான் என்றால், காளையின் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கத் தாளில் 1994 முதல் எஸ்.சி.எஸ். என்று ஓர் எண் இருக்கும். செல் எண்ணிக்கையின் மதிப்பு அது, குறைவாக இருந்தால் நல்லது. சராசரி 3-ஐ ஒட்டி இருக்கும். அந்த அளவுகோலில் ஒன்று கூடினால் செல் எண்ணிக்கை இரட்டிப்பாகும். 2.70 உள்ள காளையின் மகள்களைவிட 3.10 உள்ள காளையின் மகள்களுக்குச் செல் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று எதிர்பார்க்கலாம். பக்கத்திலேயே நம்பகம் எத்தனை சதவீதம் என்றும் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். மடி ஆழம், முன் மடி ஒட்டு, நடுப் பள்ளம் மூன்றிலும் கூட்டல் குறி இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இயந்திரத்தில் கறக்கும் நாடுகளில் காம்பு குட்டையாகிக்கொண்டே போகிறது. நீங்கள் கையால் கறக்கிறீர்கள். காம்பு நீளத்தில் பெரிய கழித்தல் உள்ள காளையை எடுத்தால் மகளின் காம்பு இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். கட்டை விரலால் மடக்கிக் கறப்பீர்கள், காம்பு நுனி புண்ணாகும், அதுவே நோய்க்கு வழி. 5 முதல் 6 சென்டிமீட்டர் காம்புதான் கைக்கு வசதி.

நம் நாட்டுக் காளைகளின் பட்டியலில் பாலும் கொழுப்புமே முதன்மையாக இருக்கும், செல் எண்ணிக்கையை எதிர்பார்க்காதீர்கள். அப்போது கேட்க வேண்டியது: காளையின் தாய் எத்தனை ஈத்து கறந்தாள்? மகள்கள் பக்கத்து ஊர்களில் இருந்தால் நேரில் போய் அவர்கள் மடியைப் பாருங்கள். ஐந்தாறு மாடு பார்த்தாலே மடி அமைப்பு பிடிபடும்.

சினை ஊசிக்காரர் விந்துக் குச்சியை வெளியே எடுத்ததும் அதன் மேல் அச்சிட்டிருக்கும் காளை எண், இனம், விந்து நிலையத்தின் பெயர், தேதி இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வது உங்கள் உரிமை. காலிக் குச்சியைக் குப்பையில் போடாமல் நோட்டில் ஒட்டிவையுங்கள். காதுத் தோட்டில் உள்ள 12 இலக்க எண்ணோடு அந்தச் சினை ஊசியைப் பாரத் பசுதன் என்ற அரசின் கால்நடைப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். இந்தப் பதிவு இல்லாமல் எந்தக் காளையின் மகள்களைப் பற்றியும் இந்த நாட்டில் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. பெண் கன்று தரும் பாலினம் பிரித்த விந்து கிடைத்தால் கிடாரிக்குப் போடலாம், பத்தில் ஒன்பது பெண் கன்றாகப் பிறக்கும். அதற்கும் மடிநோய்க்கும் சம்பந்தமில்லை.

4,000 ரூபாய்ச் சான்றிதழ்

வேண்டாம். "மடிநோய் மரபணு" என்று ஒன்று கிடையாது. 23-ஆம் குரோமோசோமில் உள்ள நோய் எதிர்ப்பு மரபணுத் தொகுதி, 6-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி என்று தொடர்புள்ள இடங்கள் பல கண்டறியப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் துளி. ஒன்றிரண்டைப் பார்த்து "இல்லை" என்று முத்திரை குத்த முடியாது.

ஒற்றை மரபணுவால் வரும் நோய்களுக்குச் சோதனை பலன் தரும், அதை வைத்துத்தான் இந்த மயக்கம். ஹெச்.எஃப். இனத்தில் பிளாட் என்ற குறை உண்டு: வெள்ளை அணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி வெளியே இறங்க முடியாது, கன்று தொற்றுகளுக்குப் பலியாகும். 1952-ல் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஒரே காளையின் விந்து வழியே உலகமெங்கும் பரவியது. அதைச் சோதித்துக் காளைகளை விலக்குவது விந்து நிலையத்தின் வேலை, உங்கள் செலவு இல்லை. 2024-ல் நம் நாட்டில் கௌ சிப் என்ற மரபணு அட்டை வெளியானது. அது நல்ல முயற்சி. ஆனால் ஆயிரக்கணக்கான மாடுகளின் மடிநோய்ப் பதிவு பின்னால் இருந்தால்தான் எந்த அட்டையும் மடிநோயைப் பற்றிப் பேசும். அந்தப் பணத்தில் எட்டு மாட்டுக்கும் தனித்தனித் துணியும் காம்பு நனைக்கும் அயோடினும் வாங்கிவிடலாம்.

நாட்டு மாட்டுக்கு மாறலாமா?

உங்கள் கணவர் கவனித்தது சரி, காங்கேயத்துக்கு மடிநோய் வருவது அரிது. மடி சிறியது, ஒட்டி இருக்கிறது, காம்புத் துவாரம் இறுக்கம், கறவையும் குறைவு. பாதுகாப்பில் எவ்வளவு ரத்தத்தால், எவ்வளவு இரண்டு மூன்று லிட்டரோடு நிற்பதால் என்று பிரிப்பது கடினம். சங்கத்துக்குப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிற உங்களுக்கு முழுதாக மாறுவது கட்டுப்படியாகாது. காங்கேயத்தைக் காங்கேயமாகவே சினைப்படுத்துங்கள், ஹெச்.எஃப். கலப்போடு கலக்காதீர்கள்.

கிடாரியும் சின்னக் கன்றும்

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கிடாரி 250 கிலோவைத் தொட்டிருந்தால் அடுத்த பருவத்தில் ஊசி போடலாம். எடை குறைவாக இருந்தால் ஒன்றிரண்டு பருவம் விட்டுவிடுங்கள். முதல் ஈத்து முடியும்போது மடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதல் ஈத்திலேயே முட்டியைத் தொட்டுவிட்டால் அவளைக் கறக்கலாம், அவள் கன்றைப் பால் மாட்டுக்காக நிறுத்த வேண்டாம்.

சின்னக் கன்றுக்கு, "கெட்ட பாலை வீணாக்காமல் கன்றுக்கு ஊற்றினோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை இன்றே நிறுத்துங்கள். அந்தப் பாலைக் குடித்த வாயோடு கன்றுகள் ஒன்றின் மடியை ஒன்று சப்பும். கிருமி பிஞ்சுக் காம்பில் ஏறி, முதல் கன்று போடும் நாளிலேயே ஒரு காம்பு கெட்டிருக்கும். பார்ப்பவர்கள் "பார்த்தாயா, வம்சம்" என்பார்கள். மருந்து போட்ட மாட்டின் பாலையும், மருந்துக் குழாயில் அச்சிட்ட நாள் முடியும்வரை, கன்றுக்கும் கொடுக்காதீர்கள், சங்கத்துக்கும் ஊற்றாதீர்கள்.

மற்ற ஏழில் யாருக்கு மறைந்த நோய் இருக்கிறது என்று பார்க்க, அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி சோப்புத்தூளைக் கரையுங்கள். காம்புக்கு ஒரு கிண்ணம். முதல் பீய்ச்சலை விட்டுவிட்டு எடுத்த பாலும் கரைசலும் சம அளவு ஊற்றிச் சுழற்றினால், செல் அதிகமுள்ள பால் ஒரு நிமிடத்துக்குள் கூழாகத் திரளும். சோப்பு செல்லை உடைத்து உள்ளிருக்கும் டி.என்.ஏ.வை வெளியே விடுவதால் வரும் திரட்சி அது. கன்று போட்ட முதல் வாரத்திலும் வற்றும் தறுவாயிலும் இந்தச் சோதனை பொய் சொல்லும். திரண்ட மாடுகளையும் லட்சுமியையும் கடைசியாகக் கறங்கள். கறந்ததும் காம்பை 5 சத போவிடோன் அயோடினில் நனைத்து, முன்னால் தீனி போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். துவாரம் மூடும் முன் படுத்தால் நனைத்தது வீண்.

கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தடவலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தடவுங்கள், வீக்கம் தொடங்கிய அன்றே தொடங்கினால் நல்லது. ஆனால் பால் மாதிரியை எடுத்த பிறகு தடவுங்கள். காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்காமல் நின்றாலோ, பால் தண்ணீராக வந்தாலோ, அதை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.